உள்வாய்

பகல் முழுக்கக் குழாய்களோடுதான் என் சீவியம்.
மூக்குக்கு ஒன்று, மூத்திரத்துக்கு ஒன்று,
நெஞ்சுக்கூட்டில் தேங்கியது வடிய ஒன்று.
“போத்தலை நெஞ்சுக்கு மேல தூக்காத,
தண்ணி திரும்பி உள்ள போகும்” என்று
புதிதாய் வந்த தாதிப் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான்.
அந்த நானே
படகில் பிழை விட்டேன்.

முக்கால் மீற்றர் நீளம். பிளைவூட் உடல்.
ஏராவில் நீளத்துக்கு ஒரு துவாரம் அராவி
ஆறு மில்லிமீற்றர் பித்தளைக் குழாயைச் சரித்து இறக்கினேன்.
குழாய்க்குள் நாலு மில்லிமீற்றர் உருக்குத் தண்டு.
இரு முனைக்கும் வெண்கல புஷ் கடைந்து தந்தவன்
டச்பார் டெரன்ஸ் ராகல்.
காசு வேண்டாமென்றான்.
தகப்பனின் படுக்கைப் புண்ணை
நோகாமல் துடைப்பது எப்படி என்று மட்டும் கேட்டான்.
சொன்னேன். கணக்கு முடிந்தது.

தண்டும் மோட்டரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.
கண், நேர் என்கும். விரல், இல்லை என்கும்.
றப்பர் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு
வளையாத பித்தளைத் துண்டொன்றால் இரண்டையும் பூட்டி
மெல்லக் கிறுக்கினால்
ஓரிடத்தில் இறுகும், அரைச் சுற்றில் இளகும்.
மோட்டருக்கடியில் தீப்பெட்டி மட்டையில் ஒரு சீவல்.
இன்னொரு சீவல்.
அதில் பாதி.
இரவு பதினொன்றரைக்கு எங்கும் இறுகவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்பொக்ஸி வைத்தேன்.

மறுகா கிறீஸ்.
இருபது சீசீ சிறிஞ்
(பார்மசியில் வாங்கியது, வாட்டில் எடுத்ததில்லை).
குழாயின் நடுவில் பற்றவைத்த சிறு குழல் வழியே அமத்த
வெளிமுனையில் கடுகளவு பிதுங்கியது.
அவ்வளவு போதும். கூடினால் தண்டு சேற்றில் நடக்கும்.

ஞாயிறு, கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்.
எட்டு நிமிடம் என்ன ஓட்டம்!
பிறகு பின்பக்கம் கொஞ்சம் குந்தியது.
காற்றாக்கும் என்று வேகத்தைக் கூட்டினேன்.
இன்னும் குந்தியது.
நாற்பது மீற்றருக்கு அப்பால், மோட்டர் ஒருமுறை இருமி
நின்றது.

தோணியை வளைத்துப் போய்த் தூக்கி வந்தார் மீராலெவ்வை.
மூடியைத் திறந்து கவிழ்த்தார்; அரைப் போத்தல் தண்ணீர்.
விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.
“உப்புக் கூடிட்டு புள்ள. ஆத்துவாய் வெட்டிட்டாங்க.”
அடியைத் தடவிப் பார்த்தார்.
“ஓட்டை ஒண்டும் இல்லியே?”
“இரிக்கி. நான்தான் வச்ச.”

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு முன் தண்டை உருவினேன்.
உப்பு, விடியுமட்டும் காத்திருக்காது.
கிறீஸ் கறுத்துப் பால்க்கோப்பி நிறத்தில் நுரைத்திருந்தது,
அதற்குள் ஒரே ஒரு மணல்.
அந்த ஒன்று தண்டில் கீறிய கோடு
நகத்தில் தட்டுப்பட்டது.
நல்ல தண்ணியில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி,
படச்சட்டம் ஒன்றின் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தேன்.
வெளிச்சம் எங்கும் ஒழுகவில்லை. தண்டு வளையவில்லை.

பிழை அடிமட்டத்தில் தெரிந்தது.
பேசினில் மிதக்கவிட்டு நீர்க்கோடு கீறிய அன்று
பற்றரியை உள்ளே வைக்க மறந்திருக்கிறேன்.
பற்றரி ஏறியதும் படகு தாழ,
குழாயின் உள்வாய்
நீர்மட்டத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் கீழே.
கிறீஸ் கொஞ்ச நேரம் காவல் இருந்திருக்கிறது.
அது வெளியேறியதும் வாவி
தன் மட்டத்தைத் தேடி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.
கோபிக்க அதில் ஒன்றுமில்லை.

பற்றாசுக்கோலால் சூடாக்கி எப்பொக்ஸியை இளக்கிக்
குழாயை இழுத்தெடுக்க இரண்டு மணித்தியாலம்.
இனி இன்னும் சரிவாக வைக்க வேண்டும்.
மோட்டரைத் தூக்க வேண்டும். சீவல், பாதிச் சீவல், எல்லாம் முதலிலிருந்து.

டெரன்ஸுக்குப் போன் எடுத்தேன்.
“இன்னும் ரெண்டு புஷ் வேணும்.”
கடைசல் மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது.
“கடையலாம். அப்பாட புண் ஆறல்ல.
நீங்க ஒருக்கா வந்து பாப்பீங்களா?”

வாறன் என்றேன்.
தண்டைப் பழைய துணியில் சுற்றினேன்.
சிறிஞ்சைக் கழுவி வைத்துவிட்டு
கோஸ் சுருளை எடுத்துக்கொண்டேன்.